வழி தெரியாத ராசா

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நம் வயதுக்காரர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். டிசம்பர் பிறந்துவிட்டதால் பேச்சு கிறிஸ்துமஸ் குடில், பலகாரம், பேரப்பிள்ளைகள் என்று போனது. நம்மில் ஒருவர் சொன்னார்: "எங்க வீட்டுக் குடில்ல றெக்கையோட ஒரு சம்மனசு பொம்மை வச்சிருக்கேன். அது உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு, சேட்டை பண்ணுனா பாலன்கிட்டச் சொல்லிரும்னு பேரன்கிட்டச் சொல்லிட்டேன். பயல் கப்சிப்னு ஆயிட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "நம்மளையெல்லாம் அப்படித்தான வளத்தாக. நாம என்ன கெட்டா போயிட்டோம்" என்றார்.

நான் கெட்டுத்தான் போனேன். ஒன்பது வயதுச் சிறுமியாக, இரண்டு வாரம். அதை அங்கேயே சொல்லியிருப்பேன். மருமகள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு யார் என்னோடு சண்டைக்கு வந்தாலும் வரலாம்.

அப்போது எங்கள் வீடு தீவில், தங்கச்சிமடத்தில், வடக்குக் கடலைப் பார்த்து இருந்தது. ஓலைக்கூரை, மண்சுவர், முற்றம் முழுக்க மணல். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று கிளம்பிவிட்டால் வடக்குக் கடலில் தொழில் கிடையாது. ஆண்கள் வள்ளங்களைத் தெற்குக் கடலுக்குக் கொண்டுபோய் அங்கேயே கரையில் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். எங்களைப் பெற்ற அய்யாவும் அப்படித்தான். சனிக்கிழமை மதியம் வருவார், ஞாயிறு பூசை பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாள்களில் வீட்டில் அம்மா, நான், ஆறு வயதுத் தம்பி மட்டும். வாடைக்காற்று கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும். சோற்றில் மணல் கடிபடும். கருவாட்டு வாடையும் மீன் எண்ணெய் வாடையும் போர்வைக்குள்ளும் வரும்.

டிசம்பர் மாதத்துக்காக நாங்கள் வருடம் பூராவும் காத்திருப்போம். காரணம், ராசா.

கொழும்பில் கடை ஒன்றில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒருமுறை கப்பலில் வரும்போது பிஸ்கட் டப்பா ஒன்றில் குடில் பொம்மைகள் கொண்டுவந்தார். வழியில் டப்பா எங்கோ விழுந்திருக்கிறது. திறந்து பார்த்தால் காகிதச் சுருளுக்குள் எல்லாம் தூள். பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் இரண்டு பேருக்குத் தலை இல்லை, ஒட்டகம் நாலு துண்டு. தப்பித்தது ஒரே ஒரு ராசா. நடுவிரல் அளவு இருப்பார். பச்சை அங்கி, கறுத்த முகம், வலது கை முழங்கையோடு போயிருந்தது. மாமா அழுதுவிடுவார்போல நின்றார். அம்மா அந்த ராசாவைத் துடைத்து எடுத்து, "பாவம், கூட வந்தவுகளைத் தொலைச்சுட்டு, வழி தெரியாம எங்க வீட்டுக்கு வந்துட்டாரு" என்றாள். விளையாட்டு அந்த வார்த்தையில் பிறந்தது.

டிசம்பர் முதல் நாளிலிருந்து ராசா எங்கள் வீட்டுக்குள் வழி தேடி அலைவார். நாங்கள் எழுவதற்கு முன்பே அம்மா அவரை எங்காவது வைத்திருப்பாள். ஒருநாள் உப்புச் சாடிக்குள் இடுப்பளவு புதைந்து நிற்பார். ஒருநாள் அடைகாக்கும் கோழிக்குப் பக்கத்தில் முட்டைகளோடு படுத்திருப்பார். ஒருநாள் ஆட்டின் கழுத்தில் கயிற்றால் கட்டப்பட்டு முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறார் என்று நானும் தம்பியும் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கண்டுபிடித்தால் பரிசு கிடையாது, கண்டுபிடிக்காவிட்டால் தண்டனை கிடையாது. சில நாள் அம்மாவுக்கு மறந்துவிடும். "இன்னைக்கு ராசாவுக்குக் காலு வலி, நேத்து இருந்த எடத்துலயே இருக்காரு" என்பாள். நாங்கள் அதையும் ஒப்புக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருவழியாக, நாங்கள் வீட்டில் கட்டும் ஓலைக் குடிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார். ஊர்க் கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு, "ராஜாக்க சனவரி ஆறாந்தேதிதான வரணும்" என்றால் அம்மா, "எங்க ராசா தனி ஆளு. வெரசா வந்துட்டாரு" என்பாள்.

தம்பிக்கு அது உயிர். அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பானைகளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான். கண்டுபிடித்துவிட்டால் குதிக்கமாட்டான். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரிப்பான்.

அந்த வருடம் அத்தை வந்தார். அய்யாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உள்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார். காலில் ஏதோ நரம்புக் கோளாறு என்று விடுப்பு எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் முடியும்வரை தம்பி வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். தாயில்லாத அய்யாவை வளர்த்துவிட்டவர் அவர்தான். அதனால் அவர் வந்தால் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

எனக்கு அத்தையைப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, பவுடர் வாசனை. மீன் வாடையே இல்லாத ஒரு மனுஷியை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். அவர் என் தலையைத் தடவி, "நீ நல்ல புள்ளயா இருக்கியே" என்றால் அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவாது.

மூன்று நாள் எங்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அம்மாவிடம், "இவ்வளவு ஆசையாத் தேடுதுகளே புள்ள, இதை வச்சே ரெண்டையும் ஒழுங்கு பண்ணிரலாமே. வெறும் விளையாட்டா விடலாமா" என்றார். அம்மா என்ன சொல்வதென்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தாள். அவள் பேசாததைச் சம்மதம் என்று அத்தை எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ராசா அத்தை பொறுப்புக்குப் போனார்.

அதற்குப்பிறகு ராசா ஒளியவில்லை. நடுவீட்டில், விளக்கு வைக்கும் மாடத்தில் நின்றார். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அத்தை சொன்னார்: "இவரு பாலனைப் பாக்கப் போறவரு. வழிநெடுக நீங்க செய்றதை எல்லாம் பாத்துக்கிட்டே போவாரு. நேத்து தப்புப் பண்ணியிருந்தீகன்னா, காலையில சுவரைப் பாத்துத் திரும்பி நிப்பாரு. என்ன தப்புன்னு நீங்களா ஒத்துக்கிட்டாத்தான் இந்தப் பக்கம் திரும்புவாரு."

மறுநாள் ராசா சுவரைப் பார்த்து நின்றார். தம்பி திகைத்துப்போய் நின்றான். பிறகு, செபமாலை சொல்லும்போது தூங்கிவிட்டதாக ஒத்துக்கொண்டான். ராசா திரும்பினார். அதற்கு மறுநாளும் சுவர். அன்று ஆட்டின் மேல் கல் எறிந்ததை ஒத்துக்கொண்டான். அடுத்த நாள், கருப்பட்டி எடுத்துத் தின்றதை.

அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? நான்தான் சொன்னேன். சாயங்காலம் அத்தைக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. "இன்னைக்குத் தம்பி என்ன செஞ்சான்" என்று மெதுவாகக் கேட்பார். சொல்லிவிட்டால் தலையைத் தடவுவார். கருப்பட்டியை அவன் எடுத்தது உண்மை. அதில் பாதியை எனக்குக் கொடுத்தான் என்பதை நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்த அய்யா, சுருண்டு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துவிட்டு, "அக்கா வந்தப்பறம்தான் பய மனுசனாயிருக்கான்" என்றார். அவருக்கு அது சந்தோஷம். சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை என்று நம்பியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் பார்த்தது தப்பு.

தம்பி காலையில் எழுந்திருப்பதை நிறுத்திவிட்டான். விழிப்பு வந்தாலும் கண்ணைத் திறக்கமாட்டான். பாயில் படுத்தபடியே என் கையைப் பிடித்து, "அக்கா, ராசா எந்தப் பக்கம் பாத்து நிக்கிறாரு?" என்று கேட்பான். நான் பார்த்துவிட்டுச் சொல்வேன். சுவர் என்றால் இன்னும் இறுக்கிக் கண்ணை மூடிக்கொள்வான். மாடம் இருந்த பக்கம் உட்கார்ந்து சாப்பிடமாட்டான். பிறகு பாயை நனைக்க ஆரம்பித்தான். ஆறு வயதுப் பிள்ளை, மூன்று வருடமாக நனைக்காதவன்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை. அன்று காலையும் பாய் நனைந்திருந்தது. அவன் யாருக்கும் தெரியாமல் பாயைத் திருப்பிப் போட்டு அதன்மேல் போர்வையை மடித்து வைத்தான். நான் பார்த்தேன். போய்ச் சொன்னேன்.

அத்தை பாயைப் புரட்டினார். திட்டவில்லை, அடிக்கவில்லை. மாடத்துக்குப் போய், எங்களைப் பார்த்து நின்ற ராசாவை எடுத்து, அவன் கண்முன்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். "நனைச்சது தப்பில்ல. மறைச்சதுதான் தப்பு. இந்த வருசம் ராசா குடிலுக்கு வரமாட்டாரு. நீ இருக்கிற வீட்டுக்கு அவருக்கு வர இஷ்டமில்ல" என்றார். அம்மா அப்போது கிணற்றடியில் இருந்தாள்.

உச்சிவேளைக்கு அம்மா முற்றத்து அடுப்பில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். முதல் ஈடு எடுத்ததும் வழக்கமாகத் தம்பியைத்தான் கூப்பிடுவாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. வீட்டுக்குள் பார்த்தேன். அவனும் இல்லை, மாடத்தில் ராசாவும் இல்லை. சொன்னதும் அம்மா சட்டியை இறக்கி வைத்தாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். கடலைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

வாடைக்காற்று அன்றைக்கு நன்றாக அடித்தது. கடல் சேற்று நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. வள்ளங்களெல்லாம் தெற்கே போய்விட்டதால் கரை வெறிச்சென்று கிடந்தது. உடைசல் என்று விட்டுப்போன ஒரே ஒரு பழைய வள்ளம் மட்டும் கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் கட்டிக் கிடந்தது. அதன் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பி தொங்கினான். அலை வரும்போது தலை மறையும், போகும்போது தெரியும்.

அம்மா சேலையைக்கூடத் தூக்கிச் செருகவில்லை. அப்படியே இறங்கினாள். கழுத்தளவு தண்ணீரில் போய் அவனைக் கயிற்றிலிருந்து பிய்த்து எடுத்தாள். கரைக்குக் கொண்டுவந்து குப்புறப் போட்டுத் தட்டியதும் தண்ணீராகக் கக்கினான். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"எதுக்குலே போன?" என்றாள் அம்மா.

"ராசாவை வள்ளத்துல ஏத்திவிடப் போனேம்மா. கொழும்புக்கே போயிறட்டும். அங்கன நல்ல பிள்ளைக இருக்கும்ல." பிறகு, "கைதவறி விழுந்துட்டாரும்மா" என்று சொல்லி அழுதான்.

"விழட்டும்" என்றாள் அம்மா.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அய்யாவும் வந்துவிட்டிருந்தார். முற்றத்தில் அத்தையும் அவரும் நின்றுகொண்டிருந்தார்கள். சொட்டச் சொட்ட நின்றபடி அம்மா தம்பியை என் கையில் கொடுத்தாள். பிறகு, எங்கள் வீட்டில் நான் அதுவரை கேட்காத ஒரு குரலில் பேசினாள்.

"மதினி, ஒங்களுக்கு எத்தனை நாள்னாலும் சோறு போடுறேன். காலைப் பிடிச்சுவிடச் சொன்னாலும் பிடிச்சுவிடுறேன். எம் பிள்ளைகளுக்குப் பயங்காட்ட மட்டும் இனி விடமாட்டேன்."

"ஏ புள்ள, அக்காகிட்டப் பேசுற பேச்சா இது" என்றார் அய்யா.

"பேசுவேன். கடலுக்குப் போறவன் பொண்டாட்டி நான். பயம்னா என்னன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேணாம். காத்து மாறுற ஒவ்வொரு நாளும் நெஞ்சுல நெருப்போட இருக்கேன். வருசத்துல இந்த ஒரு மாசம் பிள்ளைக சிரிக்கிறதைப் பாக்கணும்னுதான் அந்தப் பொம்மையை ஒளிச்சு வச்சேன். அதையும் பிடுங்கிட்டீக. நானும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். எந் தப்பு அது. இனி நிக்கமாட்டேன்."

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் அத்தை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"தெரியும் மதினி. அந்த நல்லது எம் பிள்ளைக்கு வேணாம்."

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் பூசை முடிந்து தெற்கே போகும்வரை அம்மாவோடு பேசவில்லை. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மிச்ச மாவைப் பிழிந்து முறுக்குச் சுட்டாள்.

பல வருடம் கழித்து அம்மா ஒரு விஷயம் சொன்னாள். அத்தை சின்ன வயதில் கொஞ்ச காலம் விடுதியில் இருந்து படித்தவராம். தப்புச் செய்தால் அங்கே சுவரைப் பார்க்க நிறுத்திவிடுவார்களாம், சில நாள் சாயங்காலம்வரை. பாவம்தான். அதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். தனக்கு வலித்ததை ஒழுக்கம் என்று பெயர் மாற்றி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கிறோமே, அத்தை மட்டுமா கொடுத்தார்?

தம்பியைக் கடலிலிருந்து தூக்கிவந்த அன்று மாலை, அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று அம்மாவிடம், "நாந்தாம்மா எல்லாத்தையும் அத்தைகிட்டச் சொன்னேன்" என்றேன். அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா முறுக்கைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் நுரை அடங்கியதும் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"நாளைலருந்து ராசாவை நீ ஒளிச்சு வை" என்றாள்.

"ராசாதான் கடல்ல போயிட்டாரேம்மா."

"ரெண்டு ராசா ஏற்கெனவே வழியில தொலைஞ்சுதான போனாக. அதுல ஒருத்தரைக் கண்டுபிடிச்சுக் கொண்டா. அவன் சிரிக்கணும். அம்புட்டுத்தான் ஒனக்கு வேலை."

தண்டனை கொடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வீடு முழுக்கத் தேடினேன். கிளிஞ்சல் சரிப்படவில்லை, மரக்கரண்டி சரிப்படவில்லை. கடைசியில் காய்கறிக் கூடையில் ஒரு குட்டிக் கத்தரிக்காய் கிடைத்தது. காம்பும் அதைச் சுற்றிய பச்சை இதழ்களும் அப்படியே கிரீடம். ஊதா நிற உடம்பு பளபளவென்று இருந்தது. ஒரு பச்சைத் துணிக் கிழிசலைச் சுற்றிவிட்டேன். சுண்ணாம்பால் மூக்கும் வாயும் வைத்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு எங்கடி?" என்றாள்.

"கண்ணு வேணாம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "சரி, வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

முதல் நாள் அவனுடைய சட்டைக்குள் வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டுப் பயந்து கீழே போட்டுவிட்டான். "இவரு ரெண்டாவது ராசா. இப்பத்தான் வந்து சேந்தாரு" என்றேன். அவன் கிட்டே வரவில்லை. இரண்டாம் நாள் தூரத்தில் நின்று கேட்டான்.

"இவருக்குக் கண்ணு இல்லையாக்கா?"

"இல்ல."

"அப்ப நாம செய்யறது ஒண்ணும் தெரியாதா?"

"ஒண்ணுமே தெரியாது. குடிலுக்கு வழிகூடத் தெரியாது. நீதான் கூட்டிட்டுப் போவணும்."

யோசித்துக்கொண்டே போய்விட்டான். மூன்றாம் நாள் ராசாவை ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டேன். கயிறு சரியாக இல்லை. ஆடு தலையை வளைத்து, நாக்கை நீட்டி, கிரீடத்தைக் கடித்து மென்று தின்றுவிட்டது. மொட்டைத் தலையோடு ராசா மணலில் உருண்டார். தம்பி ஆட்டைப் பார்த்தான், ராசாவைப் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சத்தமே வரவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அவனே பனையோலையைக் கிழித்து ராசாவுக்குப் புதுக் கிரீடம் செய்தான்.

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அய்யா தெற்கேயிருந்து வந்துவிட்டார். பூசைக்குப் போட மடித்து வைத்திருந்த புதுச் சட்டைகளுக்கு நடுவில் ராசாவை வைத்துவிட்டுத்தான் நான் அங்கே இங்கே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவரைக் காணவில்லை. நான்கு நாளில் தோல் சுருங்கிப் போயிருந்தார். எலி இழுத்திருக்குமோ என்று பதறினேன். தம்பி பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். மூடிய கண் துடித்தது. வாய் ஓரம் இழுத்தது.

"ஏலே, நீயா ஒளிச்ச?" என்றேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "தேடுக்கா."

தேடினேன். அம்மா ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து வந்து தேடினாள். அரிசிப் பானை, உப்புச் சாடி, கோழிக்கூடை எல்லாம் பார்த்தாயிற்று. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அய்யா, வலையை மடியிலிருந்து இறக்கினார். "என்ன தேடுறீக" என்று, சண்டைக்குப் பிறகு அம்மாவிடம் முதல் வார்த்தை பேசினார். அம்மா சொன்னாள். அவரும் எழுந்தார். மூலையில் செபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அத்தை, எங்களைப் பார்க்காததுபோலவே தன் தலையணையை மெல்லத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அதை நான் பார்த்தேன். இந்தமுறை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

கடைசியில் அய்யா இடுப்பில் கைவைத்து நின்று, "ஏலே, எங்கனலே வச்ச? சொல்லு" என்றார்.

"சொல்லமாட்டேன்" என்றான் தம்பி.

அந்த மாதத்தில் அவனிடம் எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருந்தான். அய்யா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அய்யா திரும்பி, பரண்மேல் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அந்த வருடம் எங்கள் குடிலுக்கு ராசா வரவில்லை. உபதேசியார் வந்து பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டார். "வந்துக்கிட்டு இருக்காரு" என்றாள் அம்மா.

தம்பி இப்போது தூத்துக்குடியில் இருக்கிறான். எழுபது தாண்டிவிட்டது, இருதயத்தில் ஏதோ வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் போன் பண்ணுவான். நானும் ஒவ்வொரு வருடமும் கேட்பேன், அன்றைக்கு எங்கே ஒளித்துவைத்தாய் என்று. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. சிரிக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

"சொல்லமாட்டேன் போக்கா" என்பான்.